கட்டுப்பாடு வேண்டும், வாய்ப்பூட்டு வேண்டாம்

(நம் சங்கத்தின் பாறசாலை – நெய்யாற்றின்கரை வட்டாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செங்கல் சூளையிலும், கல் குவாரியிலும், கட்டட வேலையிலும், ரப்பர் தோட்டத்திலும் பகல் முழுவதும் பாடுபட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். விடிந்தால் மறுபடியும் வேலைக்கு ஓட வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வருகிற பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. "செயற்குழு எடுத்த முடிவை வெளியிடங்களில் குறை கூறும் உறுப்பினர் உடனடியாகச் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார்" என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. நாம் சிறு கூட்டம். நமக்குள் சச்சரவு என்று தெரிந்தால் கூலியைக் குறைப்பதற்குக் காத்திருக்கும் காண்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம். வாக்குக் கேட்டு வரும் கட்சிக்காரர்கள் நம்மை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவார்கள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அச்சத்தில் போடும் விதி, அச்சம் நீங்கிய பிறகும் நின்றுவிடும். பெரிய பெரிய கட்சிகள் இதே அச்சத்தில் இதே விதியைப் போட்டு என்ன கண்டன? மாற்றுக் கருத்துச் சொன்னவனை வெளியே தள்ளியதால் கட்சி பிழைத்ததா, தேய்ந்ததா? பாடம் படிக்க நாம் டில்லிக்கோ மாஸ்கோவுக்கோ போகவேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இந்த எல்லைக் கிராமங்களின் மண்ணிலேயே அந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது.

1954 ஆகஸ்டு 11

திருவிதாங்கூரில் தமிழர் வாழும் தாலூக்காக்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று கேட்டு எழுந்தது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், இவற்றோடு நாம் இருக்கும் இந்த நெய்யாற்றின்கரை என்று அவர்கள் பட்டியல் போட்டார்கள். 1954-இல் திருவிதாங்கூர் – கொச்சி சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வெறும் 19 பேரை வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, வெளியிலிருந்து காங்கிரஸ் கொடுத்த ஆதரவில் 1954 மார்ச்சில் மந்திரிசபை அமைத்தது. முதல்வர் பட்டம் தாணுப் பிள்ளை.

பட்டம் தாணுப் பிள்ளை சாதாரணமானவர் அல்ல. மன்னராட்சியை எதிர்த்துப் பொறுப்பாட்சி கேட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் முதல் தலைவர் அவர். 1938 ஆகஸ்டில் அந்தப் போராட்டம் வெடித்தபோது திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் ஆட்சி அடக்குமுறையை அவிழ்த்துவிட்டது. ஆகஸ்டு 31-ஆம் தேதி இதே நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தின் தோளில் ஏறி வளர்ந்த தலைவர்தான் பட்டம்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1954 ஜூலையில் நேசமணியும் தோழர்களும் தடையை மீறி மூணாறுக்குச் சென்று கைதானார்கள். தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் மேல் நடந்த கெடுபிடிகளைக் கண்டித்துத்தான் அவர்கள் போனார்கள். தெற்கே கொதிப்பு ஏறியது. ஆகஸ்டு 11-ஆம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு காங்கிரஸ் அழைப்பு விடுத்தது. அன்றைக்குத் தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தொடுவெட்டி என்றால் இன்றைய மார்த்தாண்டம். களியக்காவிளையில் பஸ் ஏறினால் அரைமணிப் பயணம். ஊர்வலம் போன ஏழைகள் பலர் குண்டுபட்டு மாண்டார்கள்.

1938-இல் நெய்யாற்றின்கரையில் சுட்டது திவானின் போலீஸ். 1954-இல் மார்த்தாண்டத்தில் சுட்டது யாருடைய போலீஸ்? அந்தத் திவானை எதிர்த்து நின்ற தலைவரின் போலீஸ்! அதுவும் ஏழைகளின் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட சோஷலிஸ்ட் மந்திரிசபையின் போலீஸ்!

சிறையிலிருந்து வந்த தந்தி

இப்போது கவனியுங்கள். எதிர்க்கட்சிகள் கண்டித்தன, அது வழக்கம். நம்முடைய கதையின் மையம் அதுவல்ல. அந்தப் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. அவர் அப்போது உத்தரப் பிரதேசத்தில் கால்வாய்ப் பாசன வரி உயர்வை எதிர்த்துப் போராடிச் சிறையில் இருந்தார். செய்தி கேட்டதும் சிறையிலிருந்தே பட்டத்துக்குத் தந்தி அனுப்பினார். மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்டார்.

யார் யாரைக் கேட்டது? தன் கட்சிக்கு இந்தியாவில் கிடைத்திருந்த அந்த ஒரே மந்திரிசபையை, அதே கட்சியின் பொதுச் செயலாளர் 'இறங்கு' என்றார். செத்தவர்கள் அவருடைய மொழி பேசியவர்கள் அல்லர். அவருடைய மாகாணத்தார் அல்லர். அவருடைய கட்சிக்கு வாக்களித்தவர்களும் அல்லர். அந்தக் கட்சியின் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள்! அவர்களுக்காக அவர் பேசினார். இந்த எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பெயரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

அவருடைய வாதம் எளிமையானது. காங்கிரஸ் ஆட்சியில் போலீஸ் சுட்டால் நாம் பதவி விலகச் சொல்கிறோம். நம் ஆட்சியில் சுட்டால் மட்டும் காரணம் தேடுவதா? நிராயுதபாணிகளைச் சுட்ட ஆட்சி முதலில் விலகட்டும், பிறகு விசாரணை நடக்கட்டும். ஆள்கிறவன் மாறியிருக்கிறான் என்று மக்கள் அறிய வேறு அடையாளம் என்ன இருக்கிறது? இதுதான் அவர் கேட்டது.

எதிர்த் தரப்பாருக்கும் வாதம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அவர்களும் சிறியவர்கள் அல்லர். ஆச்சாரிய நரேந்திர தேவ், அசோக் மேத்தா போன்ற படித்த, தியாகம் செய்த தலைவர்கள். சூடு நடந்தது வருந்தத்தக்கது, விசாரணை நடக்கட்டும் என்றார்கள். ஆனால் ஜனநாயக நாட்டிலும் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் மந்திரிசபை விலகினால் ஆட்சி எப்படி நடக்கும் என்று கேட்டார்கள். பொதுச் செயலாளரே தன் கட்சி முதல்வரை ராஜினாமா செய்யச் சொன்னால் கட்சிக் கட்டுப்பாடு என்ன ஆகும் என்பது அவர்களுடைய இன்னொரு கேள்வி.

1954 நவம்பரில் நாகபுரியில் கட்சியின் சிறப்பு மாநாடு கூடியது. லோகியாவின் தரப்பு தோற்றது. அவர் பொதுச் செயலாளர் பதவியை விட்டு விலகியிருந்தார். இதுவரை நடந்ததில்கூட ஒரு முறை இருக்கிறது. வாதம் நடந்தது, வாக்கெடுத்தார்கள், ஒரு தரப்பு தோற்றது. தோற்றவர் கட்சிக்குள்ளேயேதான் இருந்தார். அந்த இடத்தில் நின்றிருந்தால் அந்தக் கட்சியை நாம் பாராட்டியிருக்கலாம்.

அங்கே நிற்கவில்லை. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. இனிக் காங்கிரசோடு ஒத்துழைக்கலாம் என்ற போக்கு பிரஜா சோஷலிஸ்ட் தலைவர்கள் சிலரிடம் தலைதூக்கியது. பம்பாயில் மது லிமாயே என்ற இளைஞர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கட்சியின் பம்பாய்க் கிளை அவரைச் சஸ்பெண்ட் செய்தது. லோகியா அவருக்குத் துணை நின்றார். 1955-இல் லோகியாவும் வெளியே தள்ளப்பட்டார். அந்த ஆண்டு முடிகிற வேளையில் ஹைதராபாத்தில் அவர் சோஷலிஸ்ட் கட்சியைத் தனியாகத் தொடங்கினார்.

சரி, இவ்வளவும் எதைக் காப்பதற்கு? எந்த மந்திரிசபையைக் காப்பதற்காக லோகியாவின் குரல் அமுக்கப்பட்டதோ, அது 1955 பிப்ரவரியிலேயே கவிழ்ந்துவிட்டது. வெளியிலிருந்து தாங்கிய காங்கிரஸ் கையை எடுத்துக்கொண்டது. மந்திரிசபை போய் ஐந்து மாதம் கழித்துத்தான் லோகியா நீக்கப்பட்டார்! காக்கவேண்டிய நாற்காலி போன பிறகும், கேள்வி கேட்டவனைத் தள்ளும் வேகம் மட்டும் நிற்கவில்லை. கட்டுப்பாடு என்ற வாள் அப்படிப்பட்டது, தோழர்களே. எதற்காக உருவினோம் என்பது மறந்துபோகும். உருவிய கை மட்டும் வீசிக்கொண்டே இருக்கும்.

இந்தியாவில் காங்கிரசுக்கு மாற்றாக வளர்ந்திருக்கக்கூடிய ஒரு கட்சி இரண்டானது. 1964-இல் ஒட்டவைத்தார்கள்; மறு ஆண்டே மறுபடியும் விரிசல். பட்டம் 1960-இல் காங்கிரசோடு சேர்ந்து கேரள முதல்வரானார். 1962-இல் பஞ்சாப் கவர்னராகப் போய்ச் சேர்ந்தார். கேரளத்தில் அந்தக் கட்சி என்ன ஆனது என்று நீங்களே பாருங்கள். பாறசாலை சந்தையில் நின்று பிரஜா சோஷலிஸ்ட் கட்சி எங்கே என்று கேட்டால், வழி காட்ட ஆள் கிடைக்குமா?

நம் தரப்பிலும் பார்ப்போம்

மற்றவர் வீட்டுக் குறையைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைப்பது நியாயமல்ல. தமிழ்நாடு காங்கிரசுக்குள்ளும் வேற்றுமை இருந்தது. ஸ்டேட் காங்கிரசோடு சமரசமாகப் போகலாமா, இணைப்பு ஒன்றே இலக்கு என்று நிற்பதா என்பதில் தலைவர்கள் பிரிந்தார்கள். 1950-இல் பாளையங்கோட்டையில் நடந்த சமரசப் பேச்சு பலிக்கவில்லை. அமைப்பின் முதல் தலைவரான சாம் நத்தானியேல் தலைமையை விட்டு விலகினார். 1948-இல் 14 இடங்களில் வென்ற அமைப்பு 1952-இல் 8 இடங்களோடு நின்றது. உட்பூசல் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒரே கோரிக்கைக்காரர்கள் இரு பந்தியில் உட்கார்ந்தால் இலை யாருக்கு நிறையும்?

பிறகு 1956 நவம்பர் 1 வந்தது. மாநிலப் புனரமைப்புக் கமிஷனின் சிபாரிசை ஒட்டித் தெற்கே நான்கு தாலூக்காக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை ஆகியவை கேரளத்தில் நின்றன. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லை விழுந்தது. வெட்டிப் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் பிழைக்க வந்த நாம், மலையாளத் தொழிலாளியோடு தோளுரசி வேலை செய்கிறோம். எல்லைச் சண்டையை மறுபடியும் கிளப்ப இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஒரே கட்சிக்குள் ஒருவன் மனச்சாட்சியோடு எழுந்து நின்றபோது கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதற்காகவே சொன்னோம்.

2012-இல் நாம் கண்ணால் கண்டது

அது பழைய கதை என்று இளைஞர்கள் சொல்லலாம். அப்படியானால் 2012-க்கு வாருங்கள். இங்கே இருப்பவர்களில் பலர் நேரில் பார்த்தது.

ஆர். செல்வராஜ் 2006 முதல் 2011 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் பாறசாலை எம்.எல்.ஏ. 2011-இல் நெய்யாற்றின்கரையில் நின்று வென்றார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 2012 மார்ச்சில் எம்.எல்.ஏ. பதவியையும் கட்சியையும் விட்டார். கட்சித் தலைமையோடு ஏற்பட்ட பிணக்கைக் காரணமாகச் சொன்னார். ஜூன் 2-ஆம் தேதி இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு யாரை எதிர்த்து வென்றாரோ, அதே காங்கிரசின் சின்னத்தில் வந்து நின்றார். 52,528 வாக்கு வாங்கினார். மார்க்சிஸ்ட் வேட்பாளர் எஃப். லாரன்சுக்கு 46,194. வித்தியாசம் 6,334. நான்கு ஆண்டு கழித்து 2016-இல் மார்க்சிஸ்ட் கட்சி தொகுதியைத் திரும்பப் பிடித்தது.

செல்வராஜ் சொன்னது சரியா, கட்சி சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஒரு கொடியைப் பிடித்து வாக்கு வாங்கிவிட்டு இன்னொரு கொடியோடு வந்து நிற்பதை நாம் மெச்சவும் இல்லை. ஆனால் கேட்கிறோம்: குறையைக் கட்சிக்குள்ளே சொல்லி, அதைக் கேட்டுத் தீர்க்கும் நம்பகமான இடம் ஒன்று இருந்திருந்தால், ஒரு தொகுதி மக்கள் ஒன்றேகால் ஆண்டுக்குள் இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டி வந்திருக்குமா? உள்ளே வாசல் அடைபட்டால் மனிதன் ஜன்னல் வழியாகக் குதிப்பான். குதித்தவனைத் திட்டலாம், வாசலை அடைத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

அந்த இடைத்தேர்தல் நாளில் இன்னொன்றும் நடந்தது. அதற்கு நான்கு வாரம் முன்பு, மே 4-ஆம் தேதி இரவு, வடக்கே ஒஞ்சியத்தில் டி.பி. சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மார்க்சிஸ்ட் கட்சியோடு மாறுபட்டு வெளியேறிப் புரட்சிகர மார்க்சிஸ்ட் கட்சியைக் கட்டியவர் அவர். கட்சிக்கு இதில் தொடர்பில்லை என்று தலைமை சொன்னது. 2014 ஜனவரியில் கோழிக்கோடு சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. அவர்களில் அக்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். நெய்யாற்றின்கரை மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்த அதே ஜூன் 2-ஆம் தேதி, அக்கட்சியின் மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் ஒஞ்சியம் சென்று சந்திரசேகரனின் மனைவி கே.கே. ரமாவைக் கண்டு ஆறுதல் சொன்னார்.

வி.எஸ். யார்? 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளிநடப்புச் செய்த 32 பேரில் ஒருவர். 2006 முதல் 2011 வரை முதல்வர். உட்கட்சிச் சண்டையில் 2009-இல் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இறக்கப்பட்டவர். 2015-இல் ஆலப்புழை மாநில மாநாட்டிலிருந்து எழுந்து போனவர். ஆனாலும் கட்சி அவரை நீக்கவில்லை, அவரும் கட்சியை விடவில்லை. 2025 ஜூலையில் மறைந்தபோது செங்கொடி போர்த்தித்தான் கொண்டுபோனார்கள். வழியெங்கும் மழையில் நின்ற ஜனங்களை நாம் பார்த்தோம். அந்தக் கூட்டம் எதற்குக் கூடியது? கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சியைக் கேள்வி கேட்டவர் என்பதும் அதற்கு ஒரு காரணமல்லவா? அவரைப் பொறுத்துக்கொண்டதால் கட்சிக்கு நஷ்டமா, லாபமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரியாரும் அண்ணாவும்

தமிழகத்தில் பார்ப்போம். 1947 ஆகஸ்டு 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அவருடைய தளபதியான அண்ணா 'திராவிட நாடு' ஏட்டில், அது இன்ப நாள்தான் என்று எழுதினார். தலைவரின் அறிக்கைக்கு எதிராகக் கட்சிக்காரரே பகிரங்கமாக அச்சிட்டார்! மனக்கசப்பு வராமல் இல்லை. ஆனால் அண்ணா நீக்கப்படவில்லை. 1948 அக்டோபரில் ஈரோட்டில் நடந்த திராவிடர் கழகத் தனி மாநாட்டுக்கு அதே அண்ணாதான் தலைமை தாங்கினார். 1949-இல் அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் வேறு. பிரிகிற வரைக்கும் அந்த இரண்டு ஆண்டு, மாறுபட்டவரைத் தாங்கிக்கொண்டே ஓர் இயக்கம் நடக்க முடிந்தது.

அதே மரபில் வந்த தி.மு.க.வில் 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். பொதுக்கூட்டத்தில் கேட்டது தவறு என்று நீக்கினார்கள். சில நாட்களில் அண்ணா தி.மு.க. பிறந்தது, 1977-இல் ஆட்சியைப் பிடித்தது. தி.மு.க. மறுபடி கோட்டைக்கு வர 1989 வரை காத்திருந்தது. அந்தக் கேள்விக்குக் கட்சிக்குள்ளேயே கணக்குப் புத்தகத்தை விரித்துப் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரித்திரத்தில் அந்தக் கேள்விக்கு விடையில்லை. ஆனால் கணக்குக் கேட்டவனை நீக்குவது கணக்குக் காட்டுவதாக ஆகாது என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா?

வேண்டும். அடித்துச் சொல்கிறோம், வேண்டும். வேலைநிறுத்தம் என்று ஓட்டெடுத்து முடிவு செய்த பிறகு, மறுநாள் காலையில் ஒருவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சூளைக்குப் போனால் அதற்குப் பெயர் மாற்றுக் கருத்தல்ல, கருங்காலித்தனம். காண்ட்ராக்டரிடம் காசு வாங்கிக்கொண்டு சங்க ரகசியத்தைச் சொல்கிறவனும் மாற்றுக் கருத்துக்காரன் அல்ல. இவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும்.

ஆனால், 'இந்த வேலைநிறுத்தம் இப்போது கூடாது, மழைக்காலத்தில் சூளை எப்படியும் மூடிக் கிடக்கும், தை மாதம் வரை பொறுப்போம்' என்று ஒருவர் சொல்கிறாரே, அவர் வேறு. கூட்டத்தில் சொன்னார், தோற்றார், மறுநாள் நம்மோடு வந்து மறியலில் உட்கார்ந்தார். டீக்கடையில் கேட்டவரிடம், 'நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனாலும் முடிவு முடிவுதான்' என்றார். வந்திருக்கும் தீர்மானத்தின்படி அவரும் வெளியே! கருங்காலிக்கும் அவருக்கும் ஒரே தண்டனை! இது எந்த ஊர் நியாயம்?

நெருக்கடி என்று சொல்லி வாயடைத்த கதை உலகத்திலும் உண்டு. 1921 மார்ச்சில் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாவது காங்கிரஸ், கட்சிக்குள் தனிக் கோஷ்டிகள் கூடாது என்று தடை போட்டது. உள்நாட்டுப் போரில் நொறுங்கிய நாடு, பஞ்சம், கலகம். காரணம் வலுவாகவே இருந்தது. நெருக்கடி போயிற்று, தடை போகவில்லை. லெனினுக்குப் பின் வந்தவர் கையில் அது அரிவாளாயிற்று. 1934-இல் நடந்த 17-ஆவது காங்கிரசுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பிறகு கைதானார்கள் என்று 1956-இல் குருஷ்சேவே கணக்குச் சொன்னார். அவர்கள் முதலாளிகளா? எல்லோரும் அந்தக் கட்சிக்காரர்கள்!

நம் சங்கத்துக்கு நாம் வைக்கும் திருத்தம்

குறை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போக நாம் வரவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு மாற்றாக ஐந்து விதிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: எந்த முடிவானாலும், எதிர்த்தவர்கள் யார், என்ன காரணம் சொன்னார்கள் என்பது மினிட் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். இன்று தோற்ற வாதம் நாளை சரியென்று தெரிந்தால், திரும்பிப் பார்க்க ஓர் ஏடு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: முடிவுக்கு முன் யாரும் எதையும் பேசலாம். முடிவு எடுத்த பிறகு செயலில் எல்லோரும் ஒன்று. கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. முடிவைக் குலைக்கும் செயலுக்குத் தண்டனை உண்டு. முடிவைப் பற்றிய அபிப்பிராயத்துக்குத் தண்டனை இல்லை.

மூன்று: குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஜெர்மனியில் 1967-இல் இயற்றிய கட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு கட்சி தன் உறுப்பினரை நினைத்தபடி நீக்க முடியாது. வேண்டுமென்றே விதியை மீறினார், அல்லது கொள்கைக்குப் பெரிய விரோதம் செய்தார், அதனால் கட்சிக்குப் பலத்த கேடு விளைந்தது என்று காட்ட வேண்டும். அதை முடிவு செய்வது கட்சிக்குள்ளேயே உள்ள நடுவர் மன்றம். நிர்வாகக் குழுவில் இருப்பவர் அந்த மன்றத்தில் உட்கார முடியாது. காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மேல் முறையீடும் உண்டு. நம் நாட்டில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. கட்சிகளுக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று 1999-இல் சட்டக் கமிஷன் தன் 170-ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது; சிபாரிசாகவே கிடக்கிறது. சர்க்கார் சட்டம் போடும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? செயற்குழுவில் இல்லாத மூன்று பேரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்கட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நீக்கல் புகார் எதுவானாலும் அவர்கள் கேட்டு, எழுத்தில் காரணம் சொல்லி முடிவு செய்யட்டும். அதன்மேல் பொதுக்குழுவிடம் முறையிட வழி இருக்கட்டும்.

நான்கு: வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை படிக்கப்பட வேண்டும். கணக்கைப் பற்றிக் கேட்கும் கேள்வி எதுவும், எங்கே கேட்டாலும், ஒழுங்கு மீறல் ஆகாது.

ஐந்து: சங்கத்தில் எதிர்த்துப் பேசியதற்காக எவருடைய வேலையிலும் கை வைக்கக் கூடாது. இது நமக்கு உயிர்நாடி. பெரிய கட்சியில் நீக்கப்பட்டவன் இன்னொரு கட்சி தொடங்குவான். நம்மில் ஒருவர் மேஸ்திரியின் கோபத்துக்கு ஆளானால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. மேஸ்திரியாகவும் சங்கப் பொறுப்பாளராகவும் ஒரே ஆள் இருக்கும் இடங்களில், சங்கத்தில் வாய் திறந்தவனுக்கு மறுநாள் ஆள் கணக்கில் பெயர் இல்லாமல் போகலாம் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற நான்கு விதிகளும் வெறும் காகிதம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்தில் நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனதில் இருப்பதைப் பேசுகிறீர்கள். அந்தப் பேச்சில் பாதி சங்கத்துக்கு வேண்டிய பேச்சு. குடிசை வாடகை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டு, சூளைப் புகையில் பிள்ளைகளுக்கு வரும் இருமல் இவையெல்லாம் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். 'வெளியில் பேசினால் நீக்கம்' என்ற விதி வந்தால், முதலில் அடங்கிப்போவது உங்கள் குரல்தான். ஆகவே பொதுக்குழுவுக்கு நீங்கள் வரவேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். கை தூக்க வேண்டும்.

தீர்மானம் கொண்டுவந்த தோழர்களுக்கும் சொல்கிறோம். உங்கள்மேல் எங்களுக்குப் பகை இல்லை. உங்கள் தீர்மானம் வென்றால், அதை எதிர்த்து வாக்களித்தோம் என்று மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு, மறுநாள் சங்க வேலைக்கு வந்து நிற்போம். எங்கள் திருத்தம் வென்றால், நீங்கள் எங்களை எதிர்த்து எங்கே பேசினாலும் உங்கள் உறுப்பினர் சீட்டு பத்திரமாக இருக்கும். இரண்டு விதிகளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எது வேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் விழுந்தவர்களுக்கும், 1938-இல் நெய்யாற்றின்கரையில் விழுந்தவர்களுக்கும், மொழி வேற்றுமை பாராமல் நம் அஞ்சலி உரியது. அவர்கள் கேட்டதும் பேசுகிற உரிமைதான். அவர்கள் ஆட்சியிடம் கேட்டதை நாம் நம் சங்கத்துக்குள் ஒருவருக்கொருவர் மறுக்கலாமா?

மாறுபடுகிறவர்கள் இப்போதே எழுந்து பேசுங்கள்; கேட்கக் காத்திருக்கிறோம்.